தினமும் ஒரே சாப்பாடு: எடை குறையுமா?

“காலையில ரெண்டு முட்டை, மதியம் ஒரு கப் சோறு, நெறைய காய், ராத்திரி சுண்டல். மூணு மாசமா இதேதான் சார்.” எடை குறைத்தவரிடம் ரகசியம் கேட்டால் இப்படியொரு பதில் கிடைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உடற்பயிற்சிக் கூடத்திலும் அலுவலக கேன்டீனிலும் அடிக்கடி காதில் விழுகிறது. தட்டில் எதையும் மாற்றாதே, எடை தானாக இறங்கும் என்பது நம்பிக்கை.

கேட்டதும் நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். நாமும்தானே ஆயுசு முழுக்க ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறோம்? காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி அதே மாவில் தோசை. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். ஆண்களில் 37 சதவீதம். மாறாத சாப்பாடு எடையைக் குறைக்கும் என்றால் நமக்கு ஏன் குறையவில்லை?

நாம் தினமும் திரும்பச் சாப்பிடுவது அரிசியை மட்டும்தான். அதன்மேல் ஊற்றுவது வேளைக்கு வேளை, ஏன் ஒரே வேளைக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கிறது. மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். முதலில் சாம்பார். போதும் என்று தோன்றும் நேரத்தில் ரசம் வருகிறது. புளிப்பும் மிளகும் நாக்கில் பட்டதும் இன்னொரு கரண்டிச் சோறு உள்ளே போகிறது. அப்புறம் மோர் இல்லாமல் எப்படி எழுந்திருப்பது? நடுவில் அப்பளம், பொரியல், ஊறுகாய் என்று நாக்குக்கு வேடிக்கை காட்ட ஆள் நிற்கிறது. மூன்று முறை சோறு போட்டுக்கொண்டவருக்கு அவ்வளவு சாப்பிட்டோம் என்ற நினைப்பே இருக்காது. அதே அளவு சோற்றைச் சாம்பாரோடு மட்டும் சாப்பிடச் சொன்னால் பாதியில் திகட்டிவிடும். கல்யாணப் பந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாஞ்சில் நாட்டில் பாயசத்துக்குப் பிறகும் மோர்ச்சோறு உண்டு.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் சிலருக்குச் சாண்ட்விச் கொடுத்தார்கள். ஒரு நாள் எல்லாச் சாண்ட்விச்சிலும் ஒரே பொருள். இன்னொரு நாள் நான்கு விதம். நான்கு விதம் கிடைத்த நாளில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 1984இல் வெளிவந்த ஆய்வு நம் பந்திக்கு இன்னும் நெருக்கமானது. நான்கு சுற்றிலும் ஒரே உணவைப் பரிமாறியதைவிட, சுற்றுக்கு ஒன்றாக நான்கு உணவுகளைப் பரிமாறியபோது 60 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள்.

காரணம் எளியது. ஒரு உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன்மேல் உள்ள ஆசை குறைகிறது. அந்தக் குறைவு அந்தச் சுவைக்கும் மணத்துக்கும் பதத்துக்கும் மட்டும்தான். வேறொரு சுவை வந்ததும் பசி புதுக்கணக்கு தொடங்கிவிடுகிறது. வயிறு முட்டிய பிறகும் ஐஸ்கிரீமுக்கு இடம் கிடைப்பது இதனால்தான்.

சலிப்பு எடையைக் குறைக்குமா?

ஒரு வேளைக்குள் வரும் திகட்டல் இது. நாள் கணக்கில் ஒரே உணவைச் சாப்பிட்டால்? 1965இல் நியூயார்க்கில் ஹாஷிம், வான் இட்டாலி என்ற இருவர் நடத்திய சோதனை இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் குழாய் வழியாக அளந்த அளவு சத்துத் திரவம் வாய்க்கு வரும். சுவையென்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். ஒல்லியானவர்கள் தங்களுக்குத் தேவையான அளவைக் குடித்தார்கள், எடை மாறவில்லை. மிகப் பருமனான ஒருவரோ, குறைத்துக் குடி என்று யாரும் சொல்லாமலே நாளொன்றுக்கு 300 கலோரிக்கும் குறைவாகக் குடித்தார். சோதனையில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இதிலிருந்து பொதுவிதி செய்துவிட முடியாது. ஆனால் சுவையும் மாற்றமும் இல்லாமல் போனால் பசியின் போக்கே மாறுகிறதா என்ற கேள்வியை அது கிளப்பிவிட்டது.

2011இல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் லெனார்ட் எப்ஸ்டைன் குழு 32 பெண்களுக்குச் சீஸ் போட்ட மக்ரோனியை ஐந்து முறை கொடுத்தது. பாதிப் பேருக்குத் தொடர்ந்து ஐந்து நாள். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை ஐந்து வாரம். தினமும் சாப்பிட்டவர்கள் சீக்கிரமே சலித்துக் குறைவாகச் சாப்பிட்டார்கள். பருமனானவர்களிடமும் மற்றவர்களிடமும் இது ஒன்றுபோலவே நடந்தது. அமெரிக்க ராணுவத்துக்கு இது புதிய செய்தி இல்லை. பொட்டலச் சாப்பாட்டை மட்டும் 34 நாள் தின்ற சிப்பாய்கள், பொட்டலத்துக்குத் தட்டுப்பாடே இல்லாமல் குறைவாகச் சாப்பிட்டு எடை இழந்ததை அவர்கள் 1980களிலேயே பார்த்துவிட்டார்கள். ராணுவத்துக்கு அது தலைவலி. எடை குறைக்க நினைப்பவருக்கு அதுவே வழி.

இதை உற்சாகமாகச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமும் வேண்டும். 1985இல் எத்தியோப்பிய அகதி முகாம் ஒன்றில் நடந்த ஆய்வு, ஆறு மாதமாக அதே மூன்று உணவுகளைச் சாப்பிட்டவர்களுக்கு அவை சுவை இழந்துபோனதைக் காட்டியது. புதிய உணவுகள் அவர்களுக்குச் சுவையாகவே இருந்தன. முகாமுக்கு அப்போதுதான் வந்தவர்களுக்கோ அந்த மூன்றும் பிடித்திருந்தன. நிவாரணப் பொட்டலம் தயாரிப்பவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு அது. வசதியுள்ளவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் சலிப்பு, வேறு வழியில்லாதவரை அரைப்பட்டினியில் வைக்கும்.

இங்கே அரிசியின் விஷயம் தனி. ரொட்டி, வெண்ணெய், பால் போன்றவற்றைத் தினமும் கொடுத்தாலும் பெரிதாகச் சலிப்பதில்லை என்று 1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக நடந்த ஆய்வுகள் கண்டன. அடிப்படை உணவின் இயல்பு அது. சோறும் அந்த வகையில்தான் சேரும் என்பதற்கு நம் மூன்று தலைமுறைத் தட்டுகளே சாட்சி. அதனால் ‘தினமும் சாப்பிட்டால் தானே அலுத்து அளவு குறைந்துவிடும்’ என்ற வாதம் சோற்றிடம் எடுபடாது. சோற்றை அளந்துதான் போட வேண்டும்.

யோசிக்காமல் சாப்பிடும் வசதி

சலிப்பைவிட நடைமுறையில் அதிகம் உதவுவது இன்னொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பே முடிவான சாப்பாட்டில் பேரம் இல்லை. ராத்திரி எட்டரை மணிக்குப் பசியோடு வீடு திரும்புகிறவர் ‘என்ன சாப்பிடலாம்’ என்று கைப்பேசியைத் திறந்தால், எந்தக் கடையிலிருந்து என்ன வரும் என்பது நமக்குத் தெரியும். சுண்டல் ஊறவைத்து வேகவைத்துத் தயாராக இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. அளவும் அப்படித்தான். தோசைக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் என்றால் ஏறக்குறைய 45 கலோரி. எண்ணெய்த் தூக்கிலிருந்து கைபோன போக்கில் ஊற்றினால் அது மூன்று மடங்கு ஆகலாம், யாருக்கும் தெரியாது. ஒரே சாப்பாட்டைச் செய்பவர் ஒருமுறை அளந்துவிட்டால் போதும், அடுத்த வாரமும் அதே கணக்கு நிற்கும்.

எடை குறைத்து, அதைத் தக்கவைத்தவர்களைப் பின்தொடர அமெரிக்காவில் 1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது ஏறாமல் வைத்திருந்தவர்களுக்குத்தான் அதில் இடம். அவர்களின் உணவில் வகைகள் குறைவாக இருந்தன. இன்னொரு தகவல் நம் ஞாயிற்றுக்கிழமைகளைக் குறிபார்க்கிறது. வாரம் முழுக்க ஒரே சீராகச் சாப்பிட்டவர்கள், வார நாளில் கடுமையும் விடுமுறையில் தளர்வுமாக இருந்தவர்களைவிட, அடுத்த ஓராண்டில் எடையைத் தக்கவைக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம். தாமாகப் பதிவுசெய்துகொண்டவர்களைப் பற்றிய கணக்கு இது. காரண காரியத்தை நிரூபிக்காது. ஆனாலும் திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்ஸ், ஞாயிறு மதியம் பிரியாணி, சாயங்காலம் பரோட்டா என்று வாழ்கிறவர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எதை மாற்றக்கூடாது, எதை மாற்ற வேண்டும்

1999இல் அமெரிக்காவில் மேகன் மெக்ரோரி குழு வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியமான வேறுபாடு வெளிப்பட்டது. இனிப்பு, நொறுக்குத்தீனி, மாவுணவு ஆகியவற்றில் பலவகை சாப்பிட்டவர்களுக்கு உடல்கொழுப்பு அதிகம். காய்கறியில் பலவகை சாப்பிட்டவர்களுக்கோ கொழுப்பு குறைவு. பலவகை என்பது எதை அதிகம் சாப்பிட வைக்கிறது என்பதுதான் விஷயம். ஒரு தட்டில் முறுக்கு, மிக்சர், அதிரசம் மூன்றும் இருந்தால் மூன்றையும் கூடுதலாகத் தின்போம். அவரைப் பொரியல், கீரை மசியல், பூசணிக் கூட்டு இருந்தால் காய்தான் கூடும். சோற்றுக்கு இடம் குறையும்.

நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. பலகாரத்தில் எட்டு வகை, பொரியலில் உருளைக்கிழங்கு. எனவே ‘தினமும் ஒரே சாப்பாடு’ என்பதை நம் அடுப்படிக்குக் கொண்டுவருகிறவர் காலை டிபனையும் இரவு உணவையும் இரண்டு மூன்று தேர்வுகளுக்குள் நிறுத்தலாம். மதியம் சோறு ஒரு கப், ஒரு குழம்பு. ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் குடிக்கலாம். காயும் கீரையும் மட்டும் சந்தையில் கிடைப்பதற்கேற்ப நாள்தோறும் மாறட்டும். தீனி டப்பாவில் ஒரே ஒரு வகை போதும். டப்பாவே வேண்டாம் என்பவருக்கு இன்னும் நல்லது.

இந்தத் தீனி யோசனைக்கும் சோதனை நடந்திருக்கிறது. ஹோலி ரேனர் குழு 2012இல் வெளியிட்ட 18 மாத ஆய்வில், ஒரு பிரிவினர் கலோரி மிகுந்த தீனி வகைகளை இரண்டாகச் சுருக்கிக்கொண்டனர். தீனி குறைந்தது. ஆனால் எடைக்குறைப்பில் மற்றப் பிரிவோடு வித்தியாசம் இல்லை. ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் நிரம்பிவிடும் போலும். தட்டின் மொத்தக் கணக்கைப் பார்க்காமல் ஒரு டப்பாவை மட்டும் பூட்டுவதில் பலன் இல்லை.

மறுமுனையில், ஒரே பொருளை மட்டும் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் தலைவர் கிறிஸ் வாய்ட் 2010இல் 60 நாள், தினம் 20 உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டார். எடை குறைப்பது அவர் நோக்கமே இல்லை. அரசு ஊட்டச்சத்துத் திட்டத்தில் உருளைக்கிழங்கை ஒதுக்கியதற்கு எதிர்ப்பு அது. ஆனாலும் 9 கிலோவுக்கு மேல் குறைந்தது. அதே ஆண்டு கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், பெரும்பாலும் கிரீம் கேக்கும் பிஸ்கட்டும் தின்றபடி, நாளுக்கு 1,800 கலோரிக்குள் நின்று, பத்து வாரத்தில் 12 கிலோ குறைத்தார். எடை இறங்குவதற்குக் கலோரிப் பற்றாக்குறை போதும் என்பதற்கு இவை சான்று. அந்தத் தட்டில் உடம்புக்கு வேண்டியதெல்லாம் இருந்தது என்பதற்கு அல்ல.

உடம்பின் பட்டியல் நீளமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரித் தட்டுக்குத் தானியம் 250 கிராம், காய் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு 85 கிராம் என்று கணக்கிடுகிறது. பாலும் கொட்டைகளும் தனி. நம்மில் பலருடைய தட்டில் காய்க்கு ஒதுக்கிய இடத்தைச் சோறு பிடித்திருக்கும். அந்தத் தட்டையே சுருக்கித் தினமும் சாப்பிட்டால் குறைபாடும் தினமும் வரும். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை. முட்டையும் மீனும் இறைச்சியும் தொடாதவர் பாலையும் விட்டால் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து பி12 ஏறக்குறைய வராது. வாரத்துக்கு 30 வகைத் தாவர உணவுக்கு மேல் சாப்பிடுகிறவர்களின் குடலில் நுண்ணுயிர் வகைகள் அதிகம் என்று 2018இல் அமெரிக்கக் குடல் ஆய்வுத் திட்டம் கண்டது. முப்பது என்றதும் மலைக்க வேண்டாம். கடுகு, சீரகம், மல்லி, கறிவேப்பிலையையும் சேர்த்து எண்ணினால் சாம்பாரும் ஒரு பொரியலுமே பத்தைத் தொட்டுவிடும்.

வீட்டில் இந்தத் திட்டத்தை உடைப்பது பெரும்பாலும் நாக்கு இல்லை, மிச்சம். சமைத்தவர் தன் அளவைச் சாப்பிட்டு முடித்த பிறகு பிள்ளை விட்ட அரைத் தோசை, சட்டியின் அடியில் கிடக்கும் கூட்டு, ‘வீணாகிவிடுமே’ என்ற ஒரு கரண்டிச் சோறு. அது யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. எடை குறைக்கும் திட்டத்தைக் கணவர் போட, அதைச் சமைக்கும் வேலையும் மிச்சத்தைத் தீர்க்கும் வேலையும் மனைவிக்கு வரும் வீடுகளில் யாருக்கு எடை ஏறும் என்று ஊகிப்பது கடினமில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மருத்துவரிடம் சொல்லி மருந்தளவை மாற்றிய பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த முறை வேண்டாம். திட்டத்தில் இல்லாத ஒரு வாய் சாப்பிட்டதற்கு ஒருவருக்குப் பயமோ குற்றவுணர்வோ வருகிறது, விசேஷ வீடுகளைத் தவிர்க்கிறார் என்றால் அவருக்கு உணவுத் திட்டம் தேவையில்லை. மனநல ஆலோசனை தேவை.

சில மாதங்களில் ஒரு கட்டம் வரும். தட்டு மாறவில்லை, அளவு மாறவில்லை, எடை மட்டும் நின்றுபோகும். பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். எட்டுப் பத்துக் கிலோ இழந்த உடலுக்கு முன்பு செலவான அளவு சக்தி இப்போது செலவாவதில்லை. அன்றைக்குப் பற்றாக்குறையாக இருந்த அதே தட்டு இன்றைக்குச் சரியான அளவாகிவிட்டது. சோற்றில் அரைக் கரண்டி குறைப்பதா, நடையைக் கூட்டுவதா, அல்லது இதே எடையில் நின்றுவிடுவதா என்று அப்போது பார்க்க வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23க்குக் கீழும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது என்பது மருத்துவர்களின் அளவுகோல். அந்த எல்லைக்குள் வந்தவருக்கு நின்றுபோன எடையால் கவலையில்லை. அதே தட்டைத் தொடர்ந்தால் போதும்.