மடிக்கணினியும் எழுத்தறிவும்

நல்ல கருவி ஒன்றைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டாற் கல்வி தானே வந்துவிடும் என நம்புவோர் எக்காலத்திலும் உளர். அன்று கற்பலகை, பின்னர் அச்சுப் புத்தகம், இன்று மடிக்கணினி. இந்நம்பிக்கை எத்துணை மெய்யானது என்பதை இரு நாடுகளின் அனுபவங்கொண்டு நோக்குவோம்.

'பிள்ளைக்கொரு மடிக்கணினி' என்னும் திட்டத்தை 2005ஆம் ஆண்டிற் பேராசிரியர் நிக்கொலஸ் நெக்ரொபொன்ரே உலகறியச் செய்தார். தென்னமெரிக்காவின் பெரு நாடு அதனைப் பேரார்வத்தோடு ஏற்று, 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கிற்று. பச்சையும் வெள்ளையுமான அச்சிறு கணினிகள் நாட்டுப்புறத்து ஆரம்ப பாடசாலைகளுக்குச் சென்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஏறத்தாழ 200 நூல்கள் இருந்தன. புத்தகம் அருகிய ஊர்ப் பிள்ளைக்கு அது பெருஞ்செல்வமன்றோ?

ஆயினும் விளைவு வேறாயிற்று. 319 பாடசாலைகளை ஆராய்ந்து இடை அமெரிக்க அபிவிருத்தி வங்கியார் 2012இல் அறிக்கையொன்றை வெளியிட்டனர். பொதுவான சிந்தனைத் திறன் ஓரளவு வளர்ந்திருந்தது. ஆனால், மொழியிலும் கணிதத்திலும் தேர்ச்சி உயர்ந்தமைக்குச் சான்றில்லை. வாசிப்புப் பழக்கமும் மாறவில்லை. எந்தப் பாடத்திற்குக் கணினியை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் தெளிவான வழிகாட்டல் ஆசிரியர்க்குக் கிட்டாமையை அவ்வறிக்கை சுட்டியது. கருவி வந்தது, அதனைக் கையாளும் நெறி வரவில்லை.

இனி, ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தை நோக்குவோம். அங்கே 2002இல் ஏழாம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும், அவர்தம் ஆசிரியர்க்கும் மடிக்கணினி வழங்கப்பட்டது. எழுத்துத் தேர்வில் உரிய தரத்தை எய்திய எட்டாம் வகுப்பு மாணவர் 2000இல் நூற்றுக்கு 29 பேர். 2005இல் 41 பேர். இவ்வுயர்வு முழுவதும் கணினியின் பயனே என்றல் மிகையாகலாம். எனினும் ஒன்று கருதத்தக்கது. முதல் வரைவு, திருத்தம், செம்பிரதி ஆகிய எல்லாப் படிகளிலும் கணினியைக் கையாண்ட மாணவர், எழுதுவதற்கு அதனைத் தொடாதவரிலும் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றனர்.

ஒரு நாட்டிற் சிறுவர். மற்றதில் எழுதப் பழகியவர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. ஆனால், மேய்னின் அனுபவத்தில் ஆசிரியர் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

தாளில் எழுதும் பிள்ளைக்குத் திருத்தம் என்பது தண்டனை. ஒரு வாக்கியம் பிழைத்தாற் பக்கம் முழுவதையும் மீள எழுத வேண்டும். ஆதலால், குறையுள்ளதென அறிந்தும் அதனை அப்படியே ஒப்படைத்துவிடுகிறது. கணினித் திரையிலோ சொல்லை மாற்றலாம், பந்தியை இடம்பெயர்க்கலாம், அடித்த வடு தெரியாது. முதலில் எழுதியதே முடிவன்று என்னும் உண்மையைப் பிள்ளை அங்கே அச்சமின்றி உணர்கிறது.

ஆனால், "இந்த வாக்கியம் விளங்கவில்லை, நீ சொல்லக் கருதியது யாது?" என்று வினவுவது யார்? பிழையான எழுத்தைக் கணினி சுட்டக்கூடும். பிள்ளை சொல்ல வந்து சொல்லாமல் விட்டதை அறிபவர் அருகில் நிற்கும் ஆசிரியரே. ஆகவே, பாடசாலைக்குக் கணினி வாங்க முனைவோர் பணத்தை எண்ணும்போதே, ஆசிரியரின் பயிற்சிக்கும் அவர் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் படிப்பதற்கு வேண்டிய நேரத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் வேண்டும். அப்பங்கு இல்லையேல், பெட்டிகள் நிறையும். ஏடுகள் வெறுமையாகவே இருக்கும்.