ஓடைவழி இசையும் உயர்பிரிதிறன் கோப்புகளும்

ஓடைவழி இசை என்பது, பாடலை முழுமையாகப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளாமல், இணையத்தின் ஊடாகப் பகுதி பகுதியாகப் பெற்றுக் கேட்கும் முறை ஆகும். இது ஸ்ட்ரீமிங் எனப் பரவலாக அழைக்கப்படுகிறது. கணினியிலோ நினைவட்டையிலோ சேமித்த கோப்பிலிருந்து கேட்பது மற்றொரு முறை. அவற்றுள் குறுந்தட்டைக் காட்டிலும் கூடிய நுணுக்கத்துடன் அமைந்தவை உயர்பிரிதிறன் கோப்புகள் எனப்படும். ஒரே பாடல் இவ்விரு முறைகளிலும் வேறுபட்டு ஒலிக்குமா என்பது இசை ஆர்வலரிடையே நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. வேறுபாடு தோன்றும்போது, பாடல் சுருக்கப்பட்ட விதம், அதன் பதிப்பு, ஒலியளவு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் அதற்குக் காரணமாக அமைகின்றன.

ஒலியை எண்களாக்கல்

ஒலியலையை எண்களாக மாற்ற, அதன் வீச்சு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்படுகிறது. 1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் நொடிக்கு 44,100 அளவீடுகள் உள்ளன. ஒவ்வோர் அளவீடும் 16 பிட் நீளமுடையது. ஓர் அலையைச் சரியாக மீட்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்கிற்கு மேற்பட்ட அளவீடுகள் போதும். மனிதச் செவி உணரும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற இது குறையும். ஆகவே செவிக்கு எட்டும் எல்லை முழுவதையும் குறுந்தட்டே கொள்ளும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் முறை ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளியையும், 24 பிட் முறை 144 டெசிபெல் இடைவெளியையும் தாங்கும்.

ஐந்து நிமிடப் பாடல் ஒன்றின் தோராய அளவு வருமாறு:

- நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3: 4.8 மெகாபைட்டு
- நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3: 12 மெகாபைட்டு
- குறுந்தட்டுத் தரம், சுருக்கமின்றி: 53 மெகாபைட்டு
- 24 பிட், 96,000 அளவீடுகள், சுருக்கமின்றி: 173 மெகாபைட்டு

இழப்புள்ள சுருக்கமும் இழப்பற்ற சுருக்கமும்

எம்பி3, ஏஏசி போன்றவை இழப்புள்ள சுருக்க முறைகள். உரத்த ஒலியால் மறைக்கப்பட்டுச் செவிக்கு எட்டாத நுண்ணொலிகளை இவை நீக்கிவிடுகின்றன. நீக்கியதை மீண்டும் பெற இயலாது. 2001 இல் வெளியான ஃபிளாக் முறையோ இழப்பற்றது. விரிக்கும்போது மூலத்தின் எண்கள் அனைத்தும் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

குறைந்த வீதத்தில் சுருக்கினால் குறைகள் புலப்படும். மிருதங்கம், கஞ்சிரா, தாளம் ஆகியவற்றின் திடீர் அடிகளுக்குச் சற்று முன்பாக மெல்லிய இரைச்சல் தோன்றலாம். தம்புராவின் மேற்சுரங்கள் மங்கலாம். நொடிக்கு 320 கிலோபிட் வீதத்தில் இவற்றைக் கண்டறிவது பெரும்பாலானோருக்கு மிகக் கடினம்.

இணைய வழியின் பங்கு

இணையத்தில் தரவு சிறு பொதிகளாகப் பயணிக்கிறது. வழியில் தொலைந்த பொதி மீண்டும் அனுப்பப்படும். ஆகவே ஒரே இழப்பற்ற கோப்பு ஓடைவழி வந்தாலும் வீட்டு வட்டிலிருந்து வந்தாலும் ஒலிக்கருவியை அடையும் எண்கள் ஒன்றே. இணைப்பு மெதுவானால் பாடல் தடைப்படும், அல்லது சேவையே தானாகக் குறைந்த தரத்திற்கு மாறிக்கொள்ளும். வேறுபாடு நுழையும் இடம் இதுவே. ஆப்பிள் மியூசிக் 2021 முதலும், ஸ்பாட்டிஃபை 2025 முதலும் இழப்பற்ற இசையை வழங்குகின்றன. ஆயினும் வழக்கமான புளூடூத் காதணிபாடிகள் ஒலியை மீண்டும் இழப்புடன் சுருக்குவதால், அவற்றின் வழியே கேட்போருக்கு அப்பயன் முழுமையாகக் கிட்டாது. சேமித்த கோப்புக்கும் இது பொருந்தும்.

ஒலியளவும் பதிப்பும்

இரு ஒலிகளுள் சற்று உரத்ததையே செவி தரமானதாகக் கருதும். ஓடைச் சேவைகள் பாடல்களின் ஒலியளவைச் சமன்படுத்துகின்றன. சேமித்த கோப்பு சமன்படுத்தப்படாமல் ஒலிக்கலாம். எனவே ஒலியளவைச் சரிசெய்யாமல் செய்யும் ஒப்பீடு பயனற்றது.

பதிப்பு வேறுபாடும் முக்கியமானது. 1970களின் தமிழ்த் திரைப்பாடல்கள் காந்த நாடாவில் பதிவானவை. அந்நாடாவின் ஒலி வீச்சு 16 பிட் முறையினதை விடக் குறைவு. அதனை 24 பிட் கோப்பாக்கினால் நாடாவின் இரைச்சலும் கூடுதல் நுணுக்கத்துடன் பதிவாகுமேயன்றிப் புதிய இசை எதுவும் சேராது. மூல நாடாவிலிருந்து எடுத்த பதிப்பும் தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிப்பும் தெளிவாக வேறுபட்டு ஒலிக்கும்.

சோதனைகள்

எது ஒலிக்கிறது என்பதைக் கேட்பவரிடம் மறைத்துச் செய்யும் சோதனையே நம்பத்தக்கது. மேயர், மோரன் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், உயர்பிரிதிறன் இசையும் அதுவே குறுந்தட்டுத் தரத்திற்குக் குறைக்கப்பட்ட வடிவும் ஒப்பிடப்பட்டன. 554 முயற்சிகளில் சரியான விடை ஏறத்தாழ 50 விழுக்காடே. நாணயத்தைச் சுண்டினாலும் இதே அளவு கிட்டும். ஜோசுவா ரைஸ் 2016 இல் 18 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சரியான விடை 52.3 விழுக்காடாக இருந்தது. பயிற்சி பெற்றோர் இதனினும் சிறப்பாகக் கண்டறிந்தனர். வேறுபாடு முற்றிலும் இல்லை எனக் கூற இயலாது. இருப்பின் அது மிகச் சிறியது.

சேமித்த கோப்புகளின் பயன்

ஒலிப்பதிவின்போது 24 பிட் முறை உண்மையில் உதவுகிறது. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயில் ஆடித் தேர்த்திருவிழா போன்ற திறந்தவெளி நிகழ்வைப் பதிவு செய்பவர், தவிலோ வெடியோ எக்கணத்தில் உச்சத்தை எட்டும் என முன்கூட்டி அறிய இயலாது. ஒலிமட்டத்தைத் தாழ்த்திப் பதிந்தாலும் மெல்லிய ஒலிகள் இரைச்சலில் மூழ்காமலிருக்க 24 பிட் இடமளிக்கிறது. அம்மூலத்தை இழப்பற்ற கோப்பாகச் சேமித்தால் பிற்காலத்தில் எவ்வடிவத்திற்கும் மாற்றலாம்.

ஓடையில் உள்ள பாடல் கேட்பவரின் உடைமையன்று. 2019 இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவில் தொடங்கப்பட்டபோது, எச்.எம்.வி. பெயரில் வெளிவந்த பழைய தமிழ்ப் பாடல்கள் பலவற்றின் உரிமையைக் கொண்ட சரிகம நிறுவனத்துடன் அதற்கு உடன்பாடு இருக்கவில்லை. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தை அடைந்தது. அந்நிறுவனத்தின் பாடல்களை நீக்க ஸ்பாட்டிஃபை இணங்கியது. 2020 இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவை அச்சேவையில் இடம்பெற்றன. அக்காலத்தில் அப்பாடல்களைத் தம்மிடம் சேமித்து வைத்திருந்தோர், அவை எளிய எம்பி3 கோப்புகளாயினும், தடையின்றிக் கேட்க முடிந்தது.