சிறு விமானங்களின் கருவிக்காப்பு: திருகோணமலைக் கடற்புறத்தை முன்னிட்டு ஓர் ஆராய்வு

கடலோடிகளின் வரலாற்றில் திருகோணமலைத் துறைமுகம் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. கோணேசர் மலையை அடையாளமாகக் கொண்டு கலஞ்செலுத்திய மாலுமிகள், மலை மறைந்த இரவிலும் மழையிலும் திசையறி கருவியை நம்பியே துறையை நாடினர். கருவி பொய்த்தால் கலமும் வழிதப்பும் என்பதை அறிந்திருந்தமையால் அதனைக் கண்போற் காத்தனர். அதே துறைமுகத்தின் மருங்கில் சீனக்குடா விமானத்தளம் அமைந்துள்ளது. இரண்டாம் உலகப்போரிலே பிரித்தானிய அரச விமானப்படையின் தளமாக விளங்கிய அவ்விடம், இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கழகத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது. செஸ்னா கரவன் போன்ற சிறு விமானங்களும் பயணிகளுடன் அங்கு வந்து செல்வதுண்டு. கடலோரத்தே பறக்கும் சிறு விமானமொன்றின் கருவிகள் எவ்வாறு பழுதுறுகின்றன, அவற்றைக் காக்கும் கடன் யாருடையது என்னும் இரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

பறப்பின் தொடக்க காலத்தில் இவ்வினாக்கள் பெரிதாக எழவில்லை. பழுதுறுவதற்குக் கருவிகளே அருமையாயிருந்தமை அதன் காரணம். 1932 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. தாதா அவர்கள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சற்பொதிகளைச் சுமந்து செலுத்திய புஸ் மொத் விமானத்தில் வானொலித் தொடர்புச் சாதனம் இருக்கவில்லை. 1935 ஆம் ஆண்டு நவம்பர் 27 ஆம் நாள் சென்னையிலிருந்து வந்து இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானமும் அதே வகையினதே. கடற்கரையையும் இருப்புப்பாதையையும் ஆற்றையும் கண்ணாற் கண்டு வழியறிதலே அக்காலத்து விமானிகளின் முறை. இன்றோ, இருவர் அமரும் சிறு விமானத்திலும் வானொலி, செய்மதி வழிகாட்டி, விமானத்தின் அடையாளத்தையும் உயரத்தையும் தரைக்கு அறிவிக்கும் டிரான்ஸ்பொண்டர், விபத்து நேரின் இடத்தை உணர்த்தும் அவசர ஒலிபரப்பி எனப் பல உள. இவற்றைத் தொகுத்துப் பறப்பு இலத்திரனியற் கருவிகள் என்பர்.

இக்கருவிகள் வசதிக்காக மட்டும் ஏற்பட்டனவல்ல. மனிதவுடல் நிலத்தில் நடப்பதற்கென அமைந்தது. அகச்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களின் பாய்மம் சுழற்சியை உணர்த்துகின்றது. ஆயின் திருப்பம் மெதுவாகவும் நீண்டும் நிகழுமாயின், அப்பாய்மம் குழாயோடு ஒத்துச் சுழன்று, திருப்பமே இல்லையென உணரச்செய்யும். மேகத்தினுட் புகுந்த விமானி, நேரே செல்வதாக எண்ணியவாறே சுழன்று கீழிறங்குவது இதனாலேயே. 1954 ஆம் ஆண்டில் இலினோய் பல்கலைக்கழகத்தார், கருவிப்பறப்பிற் பயிற்சியற்ற 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத செயற்கை நிலையில் வைத்துச் சோதித்தனர். இருபதின்மரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடமும் நிரம்பவில்லை.

பயிற்சி மிக்கவரையும் பழுதுற்ற கருவி வீழ்த்தும் என்பதற்கு 1978 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நிகழ்ந்த துயரம் சான்றாகும். பம்பாயிலிருந்து துபாய் நோக்கி இரவிற் புறப்பட்ட ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 747 விமானம், இரண்டு நிமிடம் செல்லுமுன் அரபிக்கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 213 பேரும் மாண்டனர். விமானம் வலப்புறம் திரும்பி மீண்டும் நேர்நிலையுற்ற பின்னரும், தலைமை விமானியின் சாய்வுகாட்டி வலப்புறச் சாய்வையே காட்டி நின்றது. கீழே இருண்ட கடல். அடிவானம் கண்ணுக்குப் புலப்படவில்லை. பொய்ச்சாய்வை நிமிர்த்த எண்ணி அவர் இடப்புறமாகச் சரித்த விமானம் தலைகீழாயிற்று. உண்மையுரைத்த வேறு சாய்வுகாட்டிகள் அருகிலேயே இருந்தன. எனினும் எது மெய், எது பொய் என ஒப்புநோக்கித் தெளியும் அவகாசம் கிட்டவில்லை. முற்றாக அணைந்துவிடும் கருவியிலும், மெய்போற் பொய்யுரைக்கும் கருவியே கொடிது என்பது இதனாற் பெறப்படும்.

சிறு விமானத்தின் கருவிகளை, அவை உயிர்பெறும் ஊற்றினைக்கொண்டு மூவகையாகப் பகுக்கலாம். வளியமுக்கத்தால் இயங்குவன ஒருவகை. சுழலும் சக்கரத்தால் இயங்குவன மற்றொருவகை. மின்னோட்டத்தால் இயங்குவன மூன்றாம் வகை.

முதல்வகைக்கு வேகமானியும் உயரமானியும் எடுத்துக்காட்டாகும். எதிர்வரும் காற்றைப் பிற்றோ குழாய் ஏற்கின்றது. சூழவுள்ள வளியின் அமுக்கத்தைப் பக்கத்துச் சிறு துளைகள் உணர்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வேகமாகக் காட்டப்படும். குழாய் முற்றாக அடைபடின், அதனுள் அகப்பட்ட வளியின் அமுக்கம் மாறாது நிற்கும். விமானம் மேலேறும்தோறும் வெளியமுக்கம் குறைதலால், வேகம் கூடுவதாக முள் காட்டும். அதனை நம்பிய விமானி வேகத்தைத் தணிக்க முற்பட்டு, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும் அளவுக்கு விமானத்தை மெதுவாக்கிவிடுவார். 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாள் தொமினிக்கன் குடியரசில் 189 உயிரைப் பலிகொண்ட பேர்கன்எயார் விபத்து இவ்வகையினது. சில வாரம் பறவாது நின்ற அவ்விமானத்தின் பிற்றோ குழாயைக் குளவிக்கூடு அடைத்திருக்கலாம் என விசாரணையாளர் முடிவு செய்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் நாள் பெரு நாட்டிற் கடலில் வீழ்ந்த விமானத்தில் 70 பேர் இறந்தனர். கழுவும்போது பக்கத்துளைகள்மீது ஒட்டிய நாடாவை அகற்ற மறந்தமையே அதற்கு மூலம். சாவித்துவாரத்திலும் சுவர்த்துளையிலும் மண்கூடு கட்டும் குளவியை அறியாத வீடு கீழ்மாகாணத்திலும் இல்லை, மேல்மாகாணத்திலும் இல்லை. சில ரூபாய் பெறுமதியான துணியுறை அக்குளவியைத் தடுக்கப் போதுமானது.

இரண்டாம் வகையிற் சாய்வுகாட்டி முதன்மையானது. பழைய சிறு விமானங்களில் இதன் சக்கரத்தை வெற்றிடப் பம்பியொன்று காற்றிழுத்துச் சுழற்றும். அப்பம்பியின் கரித்தகடுகள் முன்னறிவிப்பின்றி முறிவதுண்டு. முறிந்தவுடன் சக்கரம் நின்றுவிடாது. வேகம் குன்றிச் சிறிது சிறிதாகச் சாயும். அச்சாய்வைக் கருவியின் சாய்வென அறியாது விமானத்தின் சாய்வெனக் கொள்வதே ஆபத்து. புதிய விமானங்களில் திரையிற் படங்காட்டும் இலத்திரனியற் கருவிகள் இச்சக்கரத்தை நீக்கியுள்ளன. ஆயினும் அவையும் பிற்றோ குழாயின் காற்றையும் மின்கலத்தின் வலுவையும் சார்ந்தனவே.

மூன்றாம் வகையின் பழுதுகளை நுணுகி நோக்கின் ஒரு பொதுவுண்மை புலப்படும். கோளாறு பெரும்பாலும் பெட்டியினுள்ளே நிகழ்வதினும், பெட்டிகளை இணைக்கும் இடங்களிலே நிகழ்கின்றது. துருவேறிய செருகிமுனை, தளர்ந்த புவித்தொடுப்பு, உராய்ந்து தேய்ந்த கம்பி, எலி கடித்த உறை, நீர் புகுந்த அன்ரெனா அடி ஆகியன அவை. வானொலி இரைகின்றதென்று வானொலியையே மாற்றுவது, கால்வாய் உடைந்திருக்கக் குளத்தைத் தூர்வாருவதை ஒக்கும்.

இவ்விணைப்புகளைக் கெடுப்பதிற் கடற்காற்றுக்கு நிகர் பிறிதில்லை. அலை சிதறும்போது எழும் நுண்ணிய உப்புத்துகள் காற்றில் மிதந்து வந்து உலோகத்திற் படியும். வளியின் சாரீரப்பதன் ஏறக்குறைய நூற்றுக்கு 75 ஐக் கடந்ததும், கறியுப்புத் தானே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அலுமினியமும் செம்பும் தொடும் இடத்தில் அக்கரைசல் படியுமாயின், அங்கு ஒரு சிறு மின்கலமே தோன்றி அலுமினியத்தை அரிக்கும். திருகோணமலையில் ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, விமானத்தின் கண்ணாடி ஓரங்களாற் கசிந்து கருவிப்பலகையின் பின்புறத்தை நனைக்கும். கச்சான் வீசும் மாதங்களிலோ, வெயிலில் மூடி நிற்கும் விமானத்தின் உள்ளறை அடுப்புப்போற் கொதித்து, மின்கலத்தையும் இறப்பர் உறைகளையும் நலிவிக்கும். தனியார் சிறு விமானங்களின் முதன்மையான உறைவிடமாகிய இரத்மலானையும் கடலுக்கு அணித்தே உள்ளதாகலின், இவ்வியல்பு இரு கரைக்கும் பொதுவாகும்.

இனி, பழைய கருவியை நீக்கிப் புதியதை இட்டால் தொல்லை தீருமோ என்பது கருதத்தக்கது. 1978 ஆம் ஆண்டில் அமெரிக்க யுனைட்டெட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு வியப்பான விடை தந்தது. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளுள் நூற்றுக்கு 89 பங்கினவற்றுக்கு வயதெல்லை விதித்து மாற்றுவதாற் பயனில்லை. நூற்றுக்கு 68 பங்கின உறுப்புகள், பொருத்திய தொடக்கத்திலேயே கூடுதலாகப் பழுதுற்று, பின்னர் நிலைபெற்றன. காரணமின்றிக் கழற்றிப் பூட்டுவதே புதிய பழுதுக்கு வாயிலாகலாம் என்பது இதன் உட்பொருள். எந்திரத்தின் தேய்வுறும் உறுப்புக்கு வயதெல்லை தகும். இலத்திரனியற் கருவிக்கோ அதன் நிலையை இடையறாது நோக்குதலே தகும்.

கருவி நல்லதாயிருத்தல் மட்டும் போதாது. வேண்டிய நாளில் இயங்கவும் வேண்டும். 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் மாத நிகழ்ச்சிகள் இதனை விளக்கும். அம்மாதம் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது ராடார் முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை. இரத்மலானையில் நின்ற போர்விமானங்கள் எதிர்பாராத தாக்குதலுக்கு உள்ளாயின. 9 ஆம் நாள் திருகோணமலையைத் தாக்க வந்தபோதோ ராடார் முன்னரே கண்டுணர்த்தியது; ஹரிக்கேன் விமானங்கள் எதிர்கொள்ள மேலெழுந்தன. இழப்புகள் இரு நகரங்களிலும் நேர்ந்தன. ஆயினும் எச்சரிக்கை பெற்றவர் எதிர்நிற்க முடிந்தது.

ஒரு கருவி தவறின் மற்றொன்று உதவும் என்பது பலரின் ஆறுதல். ஆயிரம் மணிநேரத்துக்கு ஒருமுறை தவறும் கருவிகள் இரண்டிருப்பின், குறித்த ஒரு மணிநேரத்தில் இரண்டும் ஒருங்கே தவறும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று எனக் கணக்கிடலாம். இக்கணக்கு மெய்யாவது, இரண்டும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே. இரு வானொலிகளும் ஒரே மின்கம்பியால் ஊட்டப்படின், அக்கம்பி அறுந்த கணத்தில் இரண்டும் ஒருங்கே ஊமையாகும். தனி மின்கலமுள்ள கைவானொலியொன்று, அதே கம்பியைச் சார்ந்த மூன்றாவது வானொலியினும் மேலானது.

இவ்வுண்மைகளிலிருந்து உரிமையாளரின் கடமைகள் தாமே விளங்கும். இலங்கையிற் குடிசார் விமானச் சேவைகள் அதிகார சபையின் மேற்பார்வையில், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியியலாளரே பழுதுபார்த்துக் கையொப்பமிடுவர். ஆயினும் பொறியியலாளர் விமானத்தைக் காண்பது சில நாள். உரிமையாளர் காண்பது பல நாள். நிறுத்தியவுடன் குழாய்களுக்கு உறையிட்டு, பறக்குமுன் உறை நீக்கப்பட்டதைத் தொட்டுப் பார்த்தல் முதற்கடன். நன்னீராற் கழுவும்போது துளைகளை நிறத்தால் எடுப்பாகத் தெரியும் மூடியாலன்றி மூடாதிருத்தல் இரண்டாவது. வாரக்கணக்கிற் பறவாது விடாமை மூன்றாவது; இயங்கும் கருவியின் வெப்பம் ஈரத்தை ஓட்டும். காலச்சோதனைகளைத் தவறவிடாமை நான்காவது. டிரான்ஸ்பொண்டரையும், கருவி விதிப்படி பறப்போர் உயரமானியையும், 24 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பிக்க வேண்டுமென்பது அமெரிக்க விதி. அவசர ஒலிபரப்பியின் வகையை அறிதலும் இன்றியமையாதது. 2009 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் முதல் 121.5 மெகாஹேட்ஸ் அலையைச் செய்மதிகள் செவிமடுப்பதில்லை. 406 மெகாஹேட்ஸ் அலையில் ஒலிபரப்பாத பழைய கருவியை நம்பிக் கடலுக்குமேற் செல்பவர், செய்மதி தம் குரலைக் கேட்குமென எண்ணியிருத்தல் வீண்.

ஐந்தாவது கடன் எழுத்தைச் சார்ந்தது. "வானொலி சரியில்லை" எனக் குறிப்பேட்டில் எழுதுவதாற் பொறியியலாளருக்குப் பயனில்லை. தரையிற் சோதித்தபோது வானொலி நன்கு பேசும், பழுதில்லையெனத் திருப்பியனுப்பப்படும், மறுநாள் வானில் மீண்டும் ஊமையாகும். எந்த அலையில், எந்த உயரத்தில், மழையிலா வெயிலிலா, இடப்புறம் திரும்பியபோதா, விளக்கேற்றியபோதா, எத்தனை நிமிடம் என்று எழுதின், பழுது பாதி கண்டறியப்பட்டதாகும். நோய் இன்னதென்றும், அதன் மூலம் இன்னதென்றும், தணிக்கும் வழி இன்னதென்றும் முறையே ஆராய வேண்டுமென வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த நெறி, பொறியியலாளனுக்கும் பொருந்தும். ஆயின் நோயாளி வாய்திறந்து கூறாவிடத்து மருத்துவன் செய்யக்கூடியது சிறிதே. விமானம் பேசாது, அதற்காகப் பேசவேண்டியவர் உரிமையாளரே.

ஆகவே, சிறு விமானத்தின் நம்பகம் கருவியின் விலையாலோ புதுமையாலோ மட்டும் அமைவதன்று. உறையிடும் கை, உப்பைத் துடைக்கும் துணி, இரு கருவிகளை ஒப்புநோக்கும் கண், கண்டதைக் கண்டவாறு எழுதும் எழுதுகோல் ஆகிய எளிய பொருள்களே அதன் அடிப்படை. இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செல்வம் வேண்டுவதன்று. நாள்தோறும் தவறாத ஒழுங்கையே வேண்டுவது. மேகமும் இருளும் சூழ்ந்த வேளையில் விமானியின் உயிரும், அவரை நம்பி உடன் அமர்ந்தோர் உயிரும் அவ்வொழுங்கையே பற்றி நிற்கும்.