சொந்த மண்ணில் தோற்ற முதலமைச்சர்: குமாரசாமி ராஜாவின் மூன்றாண்டுக் கணக்கு

தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருக்கும் கோபுரம் எந்த ஊர்க் கோபுரம்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிப்புத்தூர்க்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கே வந்துவிடுவார்கள். அவர்களுக்கு அது ஆண்டாள் கோயில் கோபுரம்தான். அந்த முத்திரை ஏற்கப்பட்டது 1949ஆம் ஆண்டில்.

அதே 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர், ஸ்ரீவில்லிப்புத்தூரை அடுத்த ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. மூன்றே ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் வந்தது. பதவியில் இருக்கும் முதலமைச்சராக ஸ்ரீவில்லிப்புத்தூர் சட்டமன்றத் தொகுதியில் நின்றார். தோற்றுப்போனார்.

இன்னும் வியப்பான செய்தி, அதே தேர்தலில் ஸ்ரீவில்லிப்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதியில் நின்ற காமராஜர் வென்றார். ஒரே கட்சி, ஒரே இரட்டைக் காளைச் சின்னம். ஒருவர் டெல்லிக்குப் போனார், மற்றவர் வீட்டுக்குப் போனார்.

நல்ல மனிதர் என்று எதிர்க்கட்சிக்காரர்களும் ஒப்புக்கொண்ட ஒருவரை, சொந்த மண் ஏன் கைவிட்டது?

கடைசிப் பிரதமர், முதல் முதலமைச்சர்

1898ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி ராஜபாளையத்தில் பிறந்தவர் குமாரசாமி ராஜா. பிள்ளைப் பருவத்திலேயே தாயையும் தகப்பனையும் இழந்து, பாட்டியின் வளர்ப்பில் ஆளானவர். வீட்டில் பேசியது தெலுங்கு, ஊரில் பேசியது தமிழ். காந்தியத்தில் ஈர்க்கப்பட்டு காங்கிரசில் சேர்ந்தார், சிறைக்கும் போனார்.

அவருக்கு முன்னால் ஆட்சியில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கட்சிக்காரர்களின் சிபாரிசுகளை வாசலிலேயே நிறுத்தியவர். அதனாலேயே கட்சியோடு மனவருத்தம் ஏற்பட்டு விலகினார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது, தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவு குமாரசாமி ராஜாவுக்குக் கிடைத்தது. 1949 ஏப்ரல் 6ஆம் தேதி பதவியேற்றார்.

அன்றைக்கு மாகாண ஆட்சித் தலைவருக்குப் பெயர் 'பிரதமர்'. 1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் 'முதலமைச்சர்' ஆனது. ஆகவே சென்னையின் கடைசிப் பிரதமரும் அவரே, குடியரசு இந்தியாவில் சென்னையின் முதல் முதலமைச்சரும் அவரே.

அந்தச் சென்னை இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திரக் கடற்கரை, ராயலசீமை, மலபார், தென் கன்னடம் எல்லாம் அதற்குள் அடக்கம். 1951 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 5 கோடியே 70 லட்சம். நான்கு மொழிகள் பேசும் மாகாணம். தெலுங்கு வீட்டில் பிறந்த தமிழ்நாட்டுக்காரர் அதற்குத் தலைவரானது பொருத்தமாகத்தான் தோன்றியது.

வரவுப் பக்கம்

அவருடைய ஆட்சியின் பெரிய வரவு, ஒரு தோல்வியில் இருந்து பிறந்தது.

சென்னை மாகாணத்தில் அப்போது வகுப்புவாரி அரசாணை நடைமுறையில் இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு. இது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 1950 ஜூலை 27இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது.

'நீதிமன்றமே சொல்லிவிட்டது, நாங்கள் என்ன செய்ய?' என்று குமாரசாமி ராஜா அரசு கையை விரித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1951 ஏப்ரல் 9இல் அங்கும் தோற்றது. ஆனால் அதற்குள் பெரியார் தொடங்கிய போராட்டத்தில் மாகாணமே கொதித்துக்கொண்டிருந்தது. டெல்லியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் 18இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 15ஆம் பிரிவில் புதிதாக 4ஆம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் உரிமை நாடு முழுவதும் மாநிலங்களுக்குக் கிடைத்தது. இன்று இந்தியாவின் எந்த மூலையில் ஒரு பிற்படுத்தப்பட்ட வீட்டுப் பிள்ளை இடஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் நுழைந்தாலும், அந்த வாசலுக்குப் பின்னால் சென்னை அரசு தோற்ற அந்த வழக்கு இருக்கிறது. அந்தப் புகழ் முழுவதும் முதலமைச்சருக்கு மட்டும் உரியதல்ல. போராடிய மக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் வழக்கைக் கைவிடாத அரசுக்கும் அதில் இடம் உண்டு.

இரண்டாவது வரவு, 1951ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம். அதுவரை தனி வாரியத்தின் மேற்பார்வையில் இருந்த கோயில்கள் அரசுத் துறையின் கீழ் வந்தன. மடங்கள் எதிர்த்தன, சில பிரிவுகளை 1954இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இன்றுவரை அந்தத் துறை வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் ஓயவில்லை. ஆனால் கோயில் சொத்துக்குப் பொதுக் கணக்கு வேண்டும் என்ற ஏற்பாடு அன்று வலுப்பட்டது.

இவை தவிர, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு 1950இல் புதிய சட்டம் வந்தது. சென்னையில் அரசு கர்நாடக இசைக் கல்லூரி 1949இல் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார்.

செலவுப் பக்கம்

குடியரசு பிறந்து பதினாறே நாள். 1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். சிறைக்குள் இருந்தவர்கள், தப்பி ஓட இடமில்லாதவர்கள். பலர் மலபாரில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

கம்யூனிஸ்ட் கட்சி அன்று ஆயுதப் பாதையில் நடந்தது, தெலங்கானாவில் கிளர்ச்சி எரிந்துகொண்டிருந்தது, அரசுக்கு அச்சம் இருந்தது. இவை எல்லாம் உண்மைதான். ஆனால் விசாரணையே இல்லாமல் அடைத்து வைப்பதும், அடைத்து வைத்தவர்களைச் சுடுவதும் அந்த அச்சத்தால் நியாயமாகிவிடாது. சிறைச்சாலை அரசின் பொறுப்பு. அரசின் தலைவர் ஒரு காந்தியர் என்பதால் அந்தப் பொறுப்பு குறையாது, கூடத்தான் செய்யும்.

அடுத்த மாதமே இன்னொன்று. பம்பாயில் இருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மார்ச் 1ஆம் தேதி தடை போட்டது அரசு. மே 26இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பேச்சுரிமை, எழுத்துரிமை பற்றிய முதல் பெரிய தீர்ப்புகளில் அது ஒன்று.

இந்தக் கதை இங்கே முடியவில்லை. அந்தத் தீர்ப்பால் எரிச்சலுற்ற டெல்லி, 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தது. எதில் சேர்த்தது? இடஒதுக்கீட்டுக்கு வழிவிட்ட அதே முதல் திருத்தத்தில்! ஒரே திருத்தத்துக்குள் குமாரசாமி ராஜா ஆட்சியின் வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. ஒரு கையால் கல்லூரி வாசல் திறந்தது, மறு கையால் பத்திரிகையின் வாய் கொஞ்சம் மூடியது.

தோற்கடித்தது அரிசி

ஆனால் 1952இல் வாக்களித்தவர்கள் இந்த வழக்குகளை எல்லாம் எண்ணிப் பார்த்திருப்பார்களா? பெரும்பாலோர் எண்ணிப் பார்த்தது அடுப்பங்கரையைத்தான்.

தொடர்ந்து பருவமழை பொய்த்த காலம் அது. போர்க்காலத்தில் வந்த ரேஷன் இன்னும் போகவில்லை. விவசாயி விளைவித்த நெல்லை அரசு குறித்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோகத் தடை. கொடுத்தவனுக்கு விலை போதவில்லை, வாங்கியவனுக்கு அளவு போதவில்லை. நடுவில் கள்ளச்சந்தைக்காரன் மட்டும் கொழுத்தான். ராயலசீமையில் பஞ்சம் வந்து கஞ்சித் தொட்டி திறக்கும் நிலை ஏற்பட்டது.

மழை பெய்யாதது முதலமைச்சரின் குற்றம் அல்ல. ஆனால் பலன் தராத கட்டுப்பாட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அரசின் குற்றம். அடுத்து வந்த ராஜாஜி, 1952 ஜூனில் துணிந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். மழையும் கைகொடுத்தது. மக்கள் ராஜாஜியைக் கொண்டாடினார்கள். முந்தையவரை மறந்தார்கள்.

ஆந்திரப் பிரச்சினையிலும் இதே தயக்கம். தனி மாநிலம் பிரிப்பதற்கான குழுவுக்கு 1949 இறுதியில் குமாரசாமி ராஜாவே தலைவர். ஆனால் சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியில் பிரகாசம் முரண்பட்டார், ஒருமித்த முடிவு வரவில்லை. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதமிருந்து உயிர்விட்ட பிறகே ஆந்திரம் பிரிந்தது. பேசித் தீர்க்கக் கிடைத்த காலம் பேசியே கழிந்தது.

தேர்தல் முடிவு கடுமையாக இருந்தது. 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதலமைச்சரோடு பக்தவத்சலம் உள்ளிட்ட பல அமைச்சர்களும் தோற்றார்கள். சிறையில் சுடப்பட்ட கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்று பெரிய எதிர்க்கட்சியாக வந்து உட்கார்ந்தார்கள்.

வீடும் ஆட்சியும்

தோற்ற பிறகு குமாரசாமி ராஜா யார் மீதும் பழி போட்டுத் திரியவில்லை. 1954 முதல் 1956 வரை ஒடிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில் காலமானார். ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆட்சிக்கு வந்து வீடு கட்டியவர்களைத்தான் ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. ஆட்சியில் இருந்துவிட்டு, இருந்த வீட்டையும் ஊருக்குக் கொடுத்தவரைப் பார்ப்பது அபூர்வம்.

ராஜபாளையம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த வீட்டை வைத்துத்தான். அது நியாயம்தான். ஆனால் அந்த வீட்டைக் காட்டி சேலம் சிறையை மறைக்க முடியாது. சேலம் சிறையைக் காட்டி அந்த வீட்டை இடித்துவிடவும் முடியாது.

தலைவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பொதுவாகச் செய்யும் தவறு இது. கை சுத்தமானவர் என்றால் ஆட்சியும் நல்லது என்கிறோம். ஆட்சியில் குறை கண்டால் ஆளே மோசம் என்கிறோம். 1952இல் ஸ்ரீவில்லிப்புத்தூர் வாக்காளர்களின் தீர்ப்பு முதலமைச்சரின் ஆட்சியைப் பற்றியதாகத்தான் இருந்தது, மனிதரைப் பற்றியது அல்ல. அந்த மனிதர் அதைப் புரிந்துகொண்டார் என்பதற்கு, ஊர் தன்னைத் தோற்கடித்தும் ஊருக்கே கொடுத்த அந்த வீடு சாட்சி.