ஒளிரும் குழாயும் காசக் கிருமியும்

நம் தங்கவயலில் இருமல் புதிதல்ல. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. பாறைத் தூசு மட்டும் பழைய தொழிலாளர்களின் நுரையீரலை விட்டுப் போகவில்லை. தூசு படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். எக்ஸ்ரே படத்திலோ தூசுத் தழும்பும் காசமும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற பெரியவரை "பழைய தூசுதான்" என்று விட்டுவிடாமல் சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சளியிலுள்ள கிருமியை முட்டை கலந்த ஊட்டத்தில் வளர்ப்பது பழைய முறை. முடிவு தெரிய எட்டு வாரம்கூட ஆகும். காசக் கிருமி அவ்வளவு சோம்பேறி! 'எம்ஜிஐடி' முறை இதைச் சுருக்குகிறது. திரவ ஊட்டமுள்ள குழாயின் அடியில் ருத்தீனியம் என்னும் உலோகத்தின் சேர்மம் பதிக்கப்பட்டிருக்கும். புற ஊதா ஒளி பட்டால் அது ஆரஞ்சு நிறத்தில் ஒளிரக்கூடியது. ஆனால் பிராணவாயு உள்ளவரை அந்த ஒளி அடங்கியே கிடக்கும். கிருமிகள் பெருகிப் பிராணவாயுவைத் தீர்த்ததும் குழாயின் அடி பளிச்சிடும். கருவி இதை மணிக்கொரு முறை பார்க்கிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் விடை கிடைத்துவிடும். 42 நாள் ஒளிராவிட்டால் எதுவும் வளரவில்லை என்று முடிவு செய்வார்கள்.

ஏதோ வளர்ந்தது என்றுதான் ஒளி சொல்லும். அது காசக் கிருமிதானா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். மருந்து கலந்த குழாயும், கலக்காத குழாயைப் போலவே ஒளிர்ந்தால் அம்மருந்துக்குக் கிருமி அடங்காது என்று அறியலாம். பெங்களூரில் 1959-இல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் இத்தகைய சோதனைகளுக்கான தேசிய ஆய்வகங்களுள் ஒன்று.

இரண்டே மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இன்று உண்டு. ஆனால் அது செத்த கிருமியையும் காட்டிவிடும். சிகிச்சைக்குப் பின் உயிருள்ள கிருமி மிச்சமிருக்கிறதா என்றறிய, வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.