மழையில் மலை ஏறப் போகிறீர்களா, தோழிகளே?

பத்ரிநாத் போகும் நம் பக்கத்து ஜனங்கள் பலர், வழியில் கோவிந்த்காட்டில் பிரியும் ஹேம்குண்ட் ஏரிப் பாதையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுமார் 14,000 அடி உயரத்தில், ஏழு சிகரங்களுக்கு நடுவே உள்ள ஏரி. கரையில் குருத்வாராவும் லட்சுமணன் கோயிலும் உண்டு. கோடையில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். அதில் பாதி நாள் மழைதான்!

2022 ஆகஸ்டில் நான், என் கணவர், நாத்தனார் மூவரும் ஒரு யாத்திரைக் குழுவோடு போனோம். பெரம்பலூரில்தான் ரயில் கிடையாதே, அரியலூர் போய் ஏறினோம். இரண்டு மாதம் முன்பிருந்தே செட்டிகுளம் முருகன் மலையில் பையைச் சுமந்து ஏறிப் பழகினோம். "இதுங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார்கள். சொல்லட்டுமே!

பருத்தி விளைகிற ஊர்க்காரி நான். ஆனாலும் சொல்கிறேன், மலை மழைக்குப் பருத்தித் துணி ஆகவே ஆகாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். புடவை வேண்டாம், சுடிதார்தான் சௌகரியம். நாற்று நடும்போது சாக்கை மடித்துக் கொங்காணி போடுவோமே, அந்த மாதிரி தலையோடு முதுகுப் பையையும் மூடும் மழைக்கோட்டு நல்லது. மாற்றுத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். கடிக்கப் பொரிவிளங்காய் உருண்டை இருந்தால் போதும்.

புல்னா வரை ஜீப். அங்கிருந்து காங்கரியாவுக்குச் சுமார் 10 கி.மீ. நடை. மறுநாள் ஏரிக்கு 6 கி.மீ.தான், ஆனால் 3,500 அடிக்கு மேல் ஏற்றம்! குதிரைச் சாணியும் சேறுமாய் வழுக்குகிற கல்பாதை.

முக்கால்வாசி ஏறியபின் நாத்தனாருக்குத் தலைவலி, வாந்தி. நடை தள்ளாடியது. குழுவை அழைத்து வந்தவர், "இவ்வளவு தூரம் வந்துட்டு ஏரியைப் பார்க்காமப் போறதா? கொஞ்ச தூரம்தாம்மா" என்றார். அவருக்கும் அந்த ஆசைதான், கண் கலங்கிவிட்டார். உயரம் ஒத்துக்கொள்ளாதபோது மேலே போனால் உயிருக்கே ஆபத்து, கீழே இறங்குவதுதான் மருந்து என்று படித்திருந்தேன். "ஏரி எங்கேயும் போகாது, வாங்க அண்ணி" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். கணவரும் கூடவே வந்துவிட்டார். கொஞ்ச தூரம் கண்டிக் கூடையில் ஒருவர் முதுகில் சுமந்து வந்தார். காங்கரியா வந்ததும் தலைவலி குறைந்தது, ராத்திரி சூடாகக் கஞ்சி குடித்தார்.

மறுநாள் குழு பூப் பள்ளத்தாக்குக்குக் கிளம்பியது. "நீ போய் ஏரியைப் பார்த்துட்டு வா, என் தம்பி எனக்குத் துணையா இருக்கட்டும்" என்று அண்ணியே துரத்தினார். கூட வந்த இரண்டு பெண்கள் மறுபடியும் ஏறத் தயாராக இருந்தார்கள். விடியுமுன் கிளம்பினோம். மேலே ஒரே மூடுபனி. குருத்வாராவில் சூடான டீயும் கிச்சடியும் தந்தார்கள், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது! பத்து நிமிஷம் பனி விலகியது. ஏரி கறுப்பாய், அசையாமல் கிடந்தது. பாறை இடுக்கில் பிரம்மகமலம். மேலே யாரையும் தங்க விடமாட்டார்கள், மதியத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்காலைப் பிடுங்கும். கீழேயே கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகி, பெரம்பலூர்