கணினிப் பட்டப்படிப்பு: பெற்றோர் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பந்திங் வட்டாரத் தோட்டங்களில் பல வீடுகளிலும் ஒரே வினா எழுகின்றது: “பிள்ளை கணினி படிக்க விரும்புகிறான், எந்தப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவது?” கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், சைபர்ஜெயாவில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பல நமது மாநிலத்திலும் தலைநகரிலுமே உள்ளன. தனியார் கல்லூரிகளின் விளம்பரங்களும் சேர்ந்துகொள்ளப் பெற்றோர் திகைப்பது இயல்பே. பால்மரம் வெட்டிச் சேர்த்த பணம் செலவாகும் காரியம் இது. ஆகவே கட்டடத்தையும் பெயரையும் பார்க்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுதல் நலம்.

முதலாவது, எந்தக் கணினிப் படிப்பு? கணினிப் பட்டம் ஒரே வகையன்று. தோட்டத்தில் ஒவ்வொருவர் கொணரும் பாலும் நிறுக்கப்பட்டு, அதிலுள்ள உலர் ரப்பர் அளவு கணக்கிடப்படுவதை நாம் அறிவோம். இக்கணக்கைக் கணினி செய்வதாகக் கொள்வோம். விரைவாகவும் சரியாகவும் கணக்கிடும் முறையை ஆராய்வது கணினி அறிவியல். அம்முறையைப் பிழையின்றி இயங்கும் செயலியாக உருவாக்குவது மென்பொருள் பொறியியல். கருவிகளையும் இணைப்புகளையும் அமைத்துப் பராமரிப்பது தகவல் தொழில்நுட்பம். நிர்வாகத்திற்கு எந்த விவரம் எப்போது தேவை என அறிந்து ஒழுங்குபடுத்துவது தகவல் அமைப்பு. பிள்ளையின் நாட்டம் எதில் என்பதை அவனிடமே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, அதற்குரிய அடிப்படை உண்டா? எஸ்.பி.எம். முடித்தவுடன் நேரே பட்டப்படிப்பில் சேர இயலாது. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி, டிப்ளோமா ஆகியவற்றுள் ஒன்றைக் கடக்க வேண்டும். சிலாங்கூர் மெட்ரிகுலேஷன் கல்லூரி நமது பந்திங்கிலேயே அமைந்துள்ளது. கணினி அறிவியலுக்கும் மென்பொருள் பொறியியலுக்கும் கணிதமே வேர். எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் கணிதத்தில் நன்மதிப்புப் பெற்றிருத்தல் பெரிதும் எதிர்பார்க்கப்படுகின்றது. நான்காம் படிவத்திலேயே அப்பாடத்தைக் கைவிடும் பிள்ளைக்குப் பின்னர் வழி குறுகிவிடும்.

மூன்றாவது, படிப்பு அங்கீகாரம் பெற்றதா? 2007ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிர்ணய முகவாண்மை இதனைக் கவனித்து வருகின்றது. தற்காலிக அங்கீகாரம் என்பது படிப்பைத் தொடங்குவதற்கான இசைவு. முழு அங்கீகாரமோ, முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும்போது நடைபெறும் மதிப்பீட்டிற்குப் பின் வழங்கப்படுவது. அங்கீகாரம் கல்லூரியின் பெயருக்கு அன்று, குறிப்பிட்ட படிப்பிற்கே உரியது. முன்பணம் செலுத்துமுன் அம்முகவாண்மையின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். விளம்பரத் தாளை நம்பிக் கையொப்பமிடலாகாது.

நான்காவது, பணம் எங்கிருந்து வரும்? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு, அவற்றிற்கு யு.பி.யு. வழி உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் வழங்குவது நன்கொடையன்று, கடன். பட்டம் பெற்றபின் பிள்ளை அதனைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளைகளின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். 2024ஆம் ஆண்டு மே மாத மாற்றத்திற்குப் பின், இதற்குரியது சேமநலக் கணக்காகும். ஆயினும் அது முதுமைக் காலத்திற்கென ஒதுக்கிய பணம் என்பதை மறத்தலாகாது.

இந்நான்கிற்கும் விடை கிடைத்தபின் இரண்டு அல்லது மூன்று பல்கலைக்கழகங்களே பட்டியலில் எஞ்சும். அவற்றின் பாடத்திட்டத்தையும், தொழிற்பயிற்சி எத்தனை மாதம் என்பதையும், விடுதி வசதியையும் ஒப்பிட்டுப் பார்த்தல் எளிது. ஐயம் எழுமிடத்துப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரை அணுகுங்கள். பெயர் பெற்ற இடத்தில் பொருந்தாத படிப்பைவிட, பிள்ளைக்கு ஏற்ற, அங்கீகாரம் பெற்ற, கடன் சுமை குறைந்த படிப்பே அவனையும் குடும்பத்தையும் உயர்த்தும்.